முதல் வீட்டுக்கு வரிச்சலுகை: தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன மிச்சம்?

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 7,000 வெள்ளி வரிச்சலுகை என்று 2025-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதைக் கேட்ட நம்மவர்களில் பலர், அரசாங்கம் ஆண்டுக்கு ஏழாயிரம் வெள்ளியைக் கையில் கொடுக்கப் போகிறது, மூன்று ஆண்டில் 21,000 வெள்ளி வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டால் சிக்கல்தான். சலுகை உண்மைதான், ஆனால் அது யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது சம்பளத்தைப் பொறுத்தது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அதன் மதிப்பு பெரும்பாலும் சுழியம்.

முதலில் திட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2025 ஜனவரி 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை விற்பனை கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோருக்கு இது பொருந்தும். வாங்கும் வீடு அவருடைய முதல் வீடாக இருக்க வேண்டும். வீட்டின் விலை 5 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால், வங்கிக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். விலை 5 லட்சத்தைத் தாண்டி 7 லட்சத்து 50 ஆயிரம் வரை என்றால் 5,000 வெள்ளி. தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் கழிவு உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டால் கிடையாது. கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் தொகையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்' என்பது. கட்ட வேண்டிய வரியிலிருந்து ஏழாயிரம் குறைவதில்லை. வரி போடப்படும் வருமானம்தான் ஏழாயிரம் குறைகிறது.

மூன்று சம்பளங்களை வைத்துக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். எளிமைக்காக, திருமணமாகாத ஒருவர் என்றும், அவருக்குத் தனிநபர் கழிவு 9,000 வெள்ளியும் இபிஎப் சந்தாவுக்கான கழிவும் (உச்சவரம்பு 4,000 வெள்ளி) மட்டுமே இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம்.

மாதம் 10,000 வெள்ளி வாங்கும் பொறியாளர் ஒருவர். ஆண்டு வருமானம் 120,000. கழிவுகள் போக 107,000 வெள்ளிக்கு வரி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 25 விழுக்காடு வரி என்பதால், 7,000 வெள்ளி கழிவில் அவருக்கு ஆண்டுக்கு 1,750 வெள்ளி மிச்சம். மூன்று ஆண்டில் 5,250.

சிரம்பானில் 4,500 வெள்ளி சம்பளத்தில் இருக்கும் அலுவலகப் பணியாளர். 54,000 வெள்ளியில் 13,000 கழிந்தால் 41,000. அதற்கு வரி 960 வெள்ளி. வீட்டுக் கடன் வட்டியைக் கழித்தால் 34,000 ஆகிறது. வரி 570. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் வந்துவிட்டதால் 400 வெள்ளி தள்ளுபடியும் சேர்ந்து, கட்ட வேண்டியது 170 வெள்ளி மட்டும். ஆண்டுக்கு 790 வெள்ளி மிச்சம். இவருக்குத் தள்ளுபடி தற்செயலாகக் கை கொடுத்தது. அதில்லாவிட்டால் மிச்சம் 390 வெள்ளிதான்.

அடுத்து, குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி பெறும் தோட்டத் தொழிலாளி. ஆண்டுக்கு 20,400. தனிநபர் கழிவும் இபிஎப் சந்தாவும் போனால் வரிக்குரிய வருமானம் ஏறக்குறைய 9,150 வெள்ளி. இதற்கு வரி 42 வெள்ளிகூட இல்லை. அதையும் 400 வெள்ளி தள்ளுபடி விழுங்கிவிடும். வரியே இல்லாதவருக்கு எதைக் கழிப்பது? அவர் ஆயிரக்கணக்கில் வட்டி கட்டினாலும் வருமான வரி வாரியத்திடமிருந்து ஒரு காசு திரும்ப வராது.

தனி ஆள் ஒருவர் வரி கட்டத் தொடங்கவே மாதம் சுமார் 3,400 வெள்ளி சம்பளம் வேண்டும். வேலைக்குப் போகாத மனைவியும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் சுமார் 4,670 வெள்ளியைத் தொட வேண்டும். தோட்டத்தில் மண்டோர், கிராணி வேலையில் இருப்பவர்களில்கூட எத்தனை பேர் அந்த வட்டத்துக்குள் வருவார்கள் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இப்படி ஒரு சலுகை நமக்குப் புதிதல்ல. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 2009 மார்ச் 10-இல் அறிவிக்கப்பட்ட ஊக்குவிப்புத் திட்டத்திலும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 10,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுகளுக்குக் கழிவு தரப்பட்டது. 2010 டிசம்பர் 31-க்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே நடைமுறைக்கு வரவில்லை. பால்மரம் வெட்டியவரும் செம்பனைக் குலை அறுத்தவரும் அந்தச் சலுகையைக் கேள்விப்படாமலே கடந்து வந்தார்கள்.

அமெரிக்கா இதை வேறு மாதிரி செய்து பார்த்தது. அங்கே 2008-இல் முதல் வீடு வாங்கியவர்களுக்கு 7,500 டாலர் வரை கொடுத்தார்கள். ஆனால் அதை 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். 2009-இல் அதை 8,000 டாலராக உயர்த்தி, திருப்பிக் கட்டத் தேவையில்லை என்றார்கள். அதைவிட முக்கியம், அது வருமானக் கழிவு அல்ல, நேரடி வரி வரவு. கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தால் மீதித் தொகை பணமாகவே கைக்கு வந்தது. ஏழைக்கும் பயன் கிடைக்கும் வடிவம் என்றால் இதுதான். ஆனால் சந்தை என்ன செய்தது? சலுகைக்கு 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்றிருந்ததால், பின்னால் வாங்க இருந்தவர்கள் எல்லாம் முன்னாலேயே ஓடி வந்து வாங்கினார்கள். கெடு முடிந்ததும் கடைத்தெரு காலியானது. 2010 ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்திய மாதத்தைவிட சுமார் 27 விழுக்காடு சரிந்தது.

நம் நாட்டிலும் 2019-இல் நடந்த வீட்டுடைமை இயக்கத்தில் முத்திரை வரி விலக்கும் மேம்பாட்டு நிறுவனங்களின் 10 விழுக்காடு விலைக் கழிவும் சேர்ந்து வந்தபோது 23 பில்லியன் வெள்ளிக்கு மேல் வீடுகள் விற்றன. அவற்றில் எத்தனை, சலுகை இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு விற்றிருக்கும் என்பது விற்பனைக் கணக்கில் தெரியாது.

தோட்டம் தாமான் ஆன இடத்தில்

நெகிரி செம்பிலானில் இந்தச் சலுகை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அறிய சிரம்பானிலிருந்து நீலாய், லாபு, சென்டாயான் பக்கம் ஒரு முறை போய் வந்தால் போதும். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று வரிசை வரிசையாக மாடி வீடுகள். பண்டார் ஶ்ரீ சென்டாயான், பண்டார் என்ஸ்டெக் என்று புதிய பெயர்கள். தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நம் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும்தான்.

இந்த வீடுகளை வாங்குவோரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வேலை செய்பவர்கள் பலர். நெடுஞ்சாலை இருக்கிறது, 1995 முதல் கேடிஎம் கொமுட்டர் இருக்கிறது, 1998-இல் திறக்கப்பட்ட கேஎல்ஐஏ பக்கத்தில் இருக்கிறது. தலைநகரில் கிடைக்காத தரை வீடு இங்கே அதே பணத்துக்குக் கிடைக்கிறது. அவர்கள் வரி கட்டுகிற சம்பளக்காரர்கள். ஆகவே வட்டிக் கழிவு முழுமையாகப் பலன் தருவதும் அவர்களுக்குத்தான். இதில் அவர்கள்மேல் குற்றமில்லை. சட்டம் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் இதன் விளைவு உள்ளூர்ச் சந்தையில் தெரியும். மேம்பாட்டு நிறுவனம் எந்த வீட்டைக் கட்டும்? சலுகையின் துணையோடு வேகமாக விற்கும் வீட்டைத்தான்.

அந்த வீட்டின் விலையை 5 லட்சம் வெள்ளி என்ற கோடு தீர்மானிக்கிறது. காரணம், வட்டிக் கழிவோடு முத்திரை வரி விலக்கும் அதே கோட்டில் நிற்கிறது. 5 லட்சம் வெள்ளி வரையுள்ள முதல் வீட்டுக்கு உரிமை மாற்றுப் பத்திரம், கடன் ஒப்பந்தம் இரண்டுக்கும் முழு முத்திரை வரி விலக்கு 2021 முதல் இருக்கிறது. 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 2027 இறுதி வரை நீட்டித்தது. ஐந்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் எடுத்தால் இந்த விலக்கின் மதிப்பு 11,250 வெள்ளி. விலை ஐந்து லட்சத்துக்கு மேல் ஓராயிரம் கூடினாலும் அத்தனையும் போய்விடும்; வட்டிக் கழிவும் 7,000-லிருந்து 5,000 ஆகிவிடும். 498,000, 499,000 என்று விளம்பரப் பலகைகளில் விலை போடுவது இதனால்தான். 520,000-க்கு விற்க நினைத்த வீட்டைச் சமையலறை அலமாரியைக் குறைத்து 499,000-க்குக் கொண்டுவருவார்கள். அதேபோல் 470,000-க்கு விற்றிருக்கக்கூடிய வீட்டையும் மேலே ஏற்ற இடமிருக்கிறது. வாங்குபவரிடம் மிஞ்சிய பணம் எங்கே இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியுமே.

நிலம் தாராளமாக இருக்கும் சென்டாயான் போன்ற இடத்தில் நிறுவனங்களுக்குள் போட்டி இருப்பதால் சலுகை முழுவதையும் விலையில் ஏற்றிவிட முடியாது. அது வாங்குபவருக்கு நல்லது. ஆனால் நெகிரி செம்பிலானில் எல்லா நிலமும் எல்லாருக்கும் திறந்ததல்ல. ரெம்பாவ், கோலாப்பிலா, ஜெலெபு, தம்பின் வட்டாரங்களில் மலாய் ரிசர்வ் நிலமும், பெண்வழியில் இறங்கும் அடாட் நிலமும் நிறைய. அவற்றை நாம் வாங்க முடியாது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளியேறும் நம் குடும்பங்கள் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் நகரங்களை ஒட்டிய பழைய தாமான்களிலேயே வீடு தேட வேண்டியிருக்கிறது. பலர் ஒரே இடத்தில் தேடினால் அந்த மலிவு விலை வீடுகளின் மறுவிற்பனை விலை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வரி கட்டாதவருக்குக் கிடைப்பது

வட்டிக் கழிவு தோட்டத் தொழிலாளிக்கு உதவாது என்றாலும் முத்திரை வரி விலக்கு உதவும். சம்பளம் எவ்வளவு, வரிக் கோப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. 80,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்று முத்திரை வரி 800 வெள்ளி. 72,000 வெள்ளி கடனுக்கு 360. ஆக 1,160 வெள்ளி மிச்சம். 300,000 வெள்ளி வீடு என்றால் 5,000-மும் 1,350-மும் சேர்த்து 6,350. இதிலும் விலை உயர்ந்த வீட்டுக்கே அதிகம் போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கையில் ரொக்கமில்லாத குடும்பத்துக்கு 1,160 வெள்ளி சின்னத் தொகை அல்ல. வழக்கறிஞர் கட்டணம் இதில் சேராது. அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விலக்கையும் நம்மவர்கள் தெரியாமல் இழந்துவிடுகிறார்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முத்திரை வரி விலக்குக்கு 'முதல் வீடு' என்றால், அதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீடும் தன் பெயரில் இருந்திருக்கக் கூடாது. தனியாகவும் கூடாது, பிறரோடு கூட்டாகவும் கூடாது. வாரிசாக வந்ததும் அன்பளிப்பாக வந்ததும்கூட கணக்கில் சேரும். இது உண்மை என்று சத்தியப் பிரமாணமும் கொடுக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் நடப்பது என்ன? அப்பாவுக்கு 55 வயது, வங்கி கடன் தராது. அதனால் 22 வயது மகனின் பெயரையும் சேர்த்துச் சின்ன மலிவு விலை வீட்டை வாங்குகிறார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த மகன் திருமணமாகித் தனக்கென்று வீடு பார்க்கும்போது அவர் முதல் வீடு வாங்குபவர் இல்லை. 80,000 வெள்ளி வீட்டில் 1,160 வெள்ளியை மிச்சம் பிடித்த குடும்பம், 300,000 வெள்ளி வீட்டில் 6,350 வெள்ளியைக் கட்டுகிறது.

இன்னொன்று, அப்பா உயில் எழுதாமல் இறந்துபோவது. 1958-ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, தாத்தா பாட்டி உயிருடன் இல்லாவிட்டால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும். நான்கு பிள்ளைகள் இருந்தால் நான்கு பேர் பெயரும் கிராண்டில் ஏறும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு. அந்த ஓர் அறை அளவு பங்குக்காக நான்கு பேரும் முதல் வீட்டு உரிமையை இழக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து, வீட்டை அவர் பெயரிலேயே பதியவும் வழி உண்டு. நில அலுவலகத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும், பிறகல்ல. அம்மா பெயரில் விட மனமில்லாத குடும்பங்களும் உண்டு. அது வேறு பிரச்சினை.

வட்டிக் கழிவு கிடைக்கக்கூடிய சம்பளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை. மூன்று ஆண்டுக் கணக்கு வட்டி விதிக்கத் தொடங்கும் நாளிலிருந்து ஓடும். கட்டி முடிக்காத வீட்டை வாங்கினால், வேலை நடக்க நடக்க வங்கி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பணத்தை விடுவிக்கும். முதல் ஆண்டில் வட்டி சில நூறு வெள்ளிதான் இருக்கும். தரை வீட்டைக் கட்டி ஒப்படைக்க நிறுவனத்துக்கு 24 மாதம், அடுக்குமாடி என்றால் 36 மாதம் அவகாசம் உண்டு. வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் மூன்று ஆண்டில் பெரும்பகுதி கழிந்துவிடும். கட்டி முடித்த வீட்டுக்கோ பழைய வீட்டுக்கோ 270,000 வெள்ளி கடன் எடுத்தால் 4 விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டியே பத்தாயிரத்தைத் தாண்டும். 7,000 வெள்ளி கழிவை முழுமையாகப் பயன்படுத்தலாம்.

கடன்தான் கதவு

தோட்டத்துக் குடும்பம் வீடு வாங்க முடியாமல் நிற்பது வரியால் அல்ல, கடனால். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. 60 வயதில் வேலை ஓய்ந்தால் வீட்டையும் விட வேண்டும். அதற்கு முன் வாங்க வேண்டும் என்றால், 80,000 வெள்ளி கடனுக்கு 4 விழுக்காட்டில் 35 ஆண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 354 வெள்ளி. 50 வயதில் கேட்டால் வங்கி 20 ஆண்டுதான் கொடுக்கும். தவணை 485 வெள்ளியாகிறது. அதுவே 270,000 வெள்ளி கடனுக்கு 35 ஆண்டிலும் 1,195 வெள்ளி. 1,700 வெள்ளி சம்பளத்தில் இது நடக்காது. இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் யோசித்துப் பார்க்கலாம், அதுவும் மோட்டார் சைக்கிள் தவணையும் பிடிபிடிஎன் பாக்கியும் சிசிரிஸ் அறிக்கையில் இல்லாதிருந்தால்.

முன்பணத்துக்கு இபிஎப்பை நம்புவோரும் மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும். 2024 மே 11 முதல் சந்தாப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. வீட்டுக்காக எடுப்பது செஜாத்ராவிலிருந்து. முன்பு இரண்டாம் கணக்குக்கு 30 விழுக்காடு போனது. 1,700 வெள்ளி சம்பளத்தில் இரு தரப்புச் சந்தாவும் சேர்ந்து 408 வெள்ளி. அதில் 15 விழுக்காடு மாதம் 61 வெள்ளி, ஆண்டுக்கு 734. எளிதில் எடுக்கலாம் என்று மூன்றாவது கணக்கைப் பண்டிகைக்கும் பள்ளிச் செலவுக்கும் காலி செய்துவிட்டால் முன்பணம் சேர மேலும் பல ஆண்டுகள் ஆகும்.

தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்தமான திட்டம் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2010 அக்டோபரில் தாக்கலான 2011 வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர்கள் மலிவு விலை வீடு வாங்க பிஎஸ்என் வங்கி மூலம் 50 மில்லியன் வெள்ளி கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. வட்டி 4 விழுக்காடு, தவணைக் காலம் 40 ஆண்டு வரை, அடுத்த தலைமுறை தொடர்ந்து கட்டலாம். வயதால் கடன் மறுக்கப்படும் பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்ட திட்டம் அது. தொகைதான் போதாது. ஒரு வீட்டுக்கு 60,000 வெள்ளி என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் 830 வீடுதான் தேறும்.

இப்போது கைக்கு எட்டக்கூடியவை இரண்டு. சம்பளச் சீட்டு இல்லாமல் குத்தகை வேலை, லோரி ஓட்டுதல், சிறு கடை என்று பிழைப்பவர்களுக்கு எஸ்ஜேகேபி எனப்படும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம், வங்கிக்கு அரசு தரப்பில் பிணை நிற்கிறது. நிலையான சம்பளம் இருந்தும் முன்பணம் சேராத இளையோருக்கு 2011-இல் தொடங்கிய 'ஸ்கிம் ரூமா பெர்தாமாகு' முழுக் கடன் பெற வழி செய்கிறது. இரண்டுக்கும் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும். பழைய மலிவு விலை வீட்டை மறுவிற்பனையில் வாங்குவோர், கிராண்டில் மாநில அரசின் அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். முத்திரை வரி விலக்குக்கான ஒப்பந்தத் தேதி 2027 டிசம்பர் 31-ஐத் தாண்டக் கூடாது.